இளைத்ததும் குற்றமாயிற்று

வாசிக்கின்ற நீங்கள் சற்று நேரம் சாட்சிக் கூண்டில் ஏறி நிற்க வேண்டும். தீர்ப்பை உங்களிடம் கேட்கப்போவதில்லை. அது எனக்கு முன்னமே தெரியும். நான் சொல்லப்போகும் பெண்மணியை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடுங்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள். போடிநாயக்கனூரில் அவரைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். பார்த்தவர்கள் அனைவரும் அவர் இடுப்பின் அகலத்தைத்தான் பார்த்தார்கள். நானும் அப்படியே பார்த்தேன். அவர்களுக்கும் எனக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே: என் கையில் ஒலிவாங்கி இருந்தது.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. பெயர் சொல்லாமலே ஒருவரை ஊருக்கு அடையாளம் காட்டிவிட முடியும் என்பதை அவரை வைத்தே நான் செய்துகாட்டியிருக்கிறேன். ஆகவே பெயரையாவது அவருக்கென்று விட்டுவைக்கிறேன். என் தந்தையின் பெரியப்பா மகள். எனக்கு அயித்தை. கணவரை இழந்தவர். ஒரே மகன் போடிமெட்டுக்கு அப்பால், கேரள மலையில், ஓர் ஏலத்தோட்டத்தில் வேலையாக இருந்தான். அயித்தை எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் தனியாகக் குடியிருந்து, ஏலக்காய்க் கிட்டங்கி ஒன்றில் காய் பொறுக்கும் பெண்கள் இருபது பேருக்கு மேற்பார்வை பார்த்துவந்தார்.

மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் மூட்டைகள் அந்தக் கிட்டங்கியில் அவிழும். பெண்கள் மடியில் முறம் வைத்து வரிசையாக அமர்ந்து, பச்சை மாறாமல் திரண்ட காயை ஒருபுறமும், வெடித்ததை ஒருபுறமும், வெளுத்ததை ஒருபுறமும் ஒதுக்குவார்கள். வாசலருகே மூட்டை நிறுக்கும் பிளாட்பாரத் தராசு நிற்கும். அயித்தையின் உலகத்தில் அந்தத் தராசுக்கு இருந்த மரியாதை வேறெந்த மனிதருக்கும் இருந்ததில்லை. யார் என்ன வழக்கைக் கொண்டுவந்தாலும் அவர் சொல்வது மூன்றே சொற்கள்: "கல்லு சொல்லட்டும், போ." கல் என்றால் தராசுக் கோலில் மாட்டி நகர்த்தும் எடைக்கல். வாதாடுவதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. நான் வாதாடுவதற்கென்றே பிறந்தவன் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் இருவருக்கும் இடையில் எப்படி அத்தனை பிரியம் விளைந்தது என்பதை இன்றைக்கும் என்னால் நிறுவ இயலவில்லை.

ஒரு நாள் எழுந்த சண்டையை உங்கள் முன் வைக்கிறேன். எழுபதுகளின் கடைசியில், ஒரு சாரல் காலம். முந்தின நாள் நாற்பது கிலோ நின்ற மூட்டை மறுநாள் காலையில் நாற்பத்தொன்று காட்டியது. கிட்டங்கியின் கணக்கப்பிள்ளை இடுப்பில் கைவைத்துக்கொண்டு பெண்களைப் பார்த்தார்.

"எவ காயை எடுத்துட்டுத் தண்ணி தெளிச்சா? உள்ளதைச் சொல்லிருங்க."

அயித்தை மூட்டையின் வாயில் கையை விட்டு ஒரு பிடி காயை எடுத்து முகர்ந்தார். "ஒருத்தியும் தெளிக்கலை. நேத்து மூடைய வாயைக் கட்டாமப் போட்டுட்டுப் போயிட்டீக. மழைக்காத்தைக் குடிச்சிருக்கு. காய வச்சு நிறுங்க. கல்லு சொல்லட்டும்."

இரண்டு நாள் சூட்டில் உலர்த்தி நிறுத்தார்கள். நாற்பது. கணக்கப்பிள்ளை நோட்டைத் திறந்துகொண்டார். உள்ளே எதையும் போடாமலே ஒரு பொருளின் எடை ஏறும் என்பது அந்தக் கிட்டங்கியில் இருபது பெண்களுக்கும் தெரிந்த உண்மை. காய்க்குப் பொருந்திய அந்த நியாயத்தை மனுஷிக்கும் பொருத்திப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை மாலை கடைசி மூட்டை ஏறியபின் ஒரு வழக்கம் உண்டு. பொறுக்கும் பெண்கள் ஒவ்வொருவராகத் தராசில் ஏறி நிற்பார்கள். யாராவது ஒருத்தி கல்லை நகர்த்தி எடையை உரக்கச் சொல்வாள். மற்றவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டு மறந்துபோவார்கள். அயித்தை மட்டும் தம் எடையைக் கதவின் பின்புறம் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவைப்பார். அறுபத்தொன்று என்று எழுதியது எனக்கு நினைவிருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டிய பின் அது அறுபத்தைந்து ஆயிற்று, அறுபத்தொன்பது ஆயிற்று, மூன்று நான்கு ஆண்டுகளில் எழுபத்துமூன்றில் வந்து நின்றது.

அவர் உண்டது என்ன என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். காலையில் இரண்டு இட்டிலி. மதியம் தூக்குச்சட்டியில் கம்பங்கூழ், நான்கு சின்ன வெங்காயம். இரவில் ஒரு கரண்டிச் சோறு. மதியம் தூக்குச்சட்டியை ஓரமாக வைத்துத் திறக்கமாட்டார். அனைவருக்கும் நடுவில் வைத்து, மூடியை நன்றாகச் சாய்த்துத் திறப்பார்.

"இங்கன கூழு," என்பாள் பேச்சியம்மாள். பொறுக்கும் பெண்களில் நாக்குக்குப் பெயர் பெற்றவள் அவள். "வீட்டுக்குள்ள என்ன வேகுதோ, யாரு கண்டா?"

"வந்துதான் பாரேண்டி."

"வந்தா எனக்கும் ஒரு வட்டிலு வைப்பியா மதினி?"

பக்கத்து ஊரான சிலமலையில் ஒரு கல்யாணப் பந்தியில் பரிமாறியவன், "அத்தைக்கு ரெண்டு எலையாப் போடுங்கப்பா," என்றான். பந்தி முழுவதும் சிரித்தது. அயித்தையும் சிரித்தார். பாதிச் சோற்றில் இலையை மூடிவிட்டு எழுந்தார். கை கழுவும் இடத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்: "முன்னாடியே ஒரு பந்தி முடிச்சிருப்பா."

எடை மட்டும் அன்று, வேறு பலவும் மாறின. சித்திரை வெயிலில் போடியின் தார்ச்சாலை இளகும் நாளிலும் அவர் கம்பளிச் சட்டையைக் கழற்றமாட்டார். மகன் மலையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பழுப்பு நிறச் சட்டை அது. வெண்கலம் போல் ஒலித்த குரல் கரகரத்து ஆண்குரல் ஆயிற்று. புருவத்தின் நுனிகள் உதிர்ந்தன. முகம் ஊதிக் கண்கள் சிறுத்தன. இருபது பெண்களின் முறத்தையும் ஒரே பார்வையில் அளந்தவர், முற்பகலிலேயே சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தார். வயதாகிறது என்றார்கள். வேலை செய்யாமல் தின்றால் இப்படித்தான் என்றார்கள். இத்தனையும் ஒரே உடம்பில் ஒரே காலத்தில் நிகழ்கின்றனவே, இவற்றுக்கு ஒரே வேர் இருக்குமோ என்று கேட்பதற்கு ஒருவர் இல்லை. காரணகாரியத் தொடர்பு பற்றி நான் கல்லூரியில் அரைமணி நேரம் சொற்பொழிவு ஆற்றிப் பாராட்டுப் பெற்றிருந்தேன்.

பட்டிமன்றம், பேச்சுப் போட்டி என்று என் பேச்சு எங்கே நடந்தாலும் அயித்தை வந்துவிடுவார். ராசிங்காபுரத்தில் பேசினால் பஸ்சு பிடித்து வருவார். முன்வரிசையில் அமர்வார், கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடிந்தபின் அவர் சொல்லும் கருத்து ஒரு வரியைத் தாண்டாது. "நடுவுல ஒரு வாய்த் தண்ணி குடிச்சிருக்கலாம் அப்பு." இன்று என் பேச்சை வரி வரியாக ஆய்ந்து எழுதும் நண்பர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு வரிக்காக மேடையிலிருந்து முன்வரிசையைப் பார்க்கிறேன். வேறு யாரோ அமர்ந்திருக்கிறார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆயுத பூஜை. கிட்டங்கி முற்றத்தில் பந்தலிட்டு, தராசுக்குச் சந்தனப் பொட்டும் மாலையும் இட்டு, மாலையில் பட்டிமன்றம் வைத்தார்கள். 'மனிதனுக்கு நோய் தருவது நாவா, காலா?' என்பது தலைப்பு. தின்று கெடுகிறோமா, நடக்காமல் கெடுகிறோமா என்பது பொருள். நான் நாவின்மேல் குற்றம் சாட்டும் அணிக்குத் தலைவன். எதிரணித் தலைவர் ஆதாரம் கேட்டார். கேட்கவேண்டும் என்றுதான் நானும் காத்திருந்தேன்.

"நடுவர் அவர்களே, ஆதாரம் தேடி நான் மதுரைக்குப் போகவில்லை. இந்த முற்றத்தில், முன்வரிசையில், கம்பளிச் சட்டைக்குள் அது அமர்ந்திருக்கிறது. கூழ்தான் குடிக்கிறேன் என்கிறது வாய். கூழுக்கு இவ்வளவா என்கிறது உடம்பு. அவையோரே, வாய் சொல்வதை நம்பாதீர்கள். உடம்பு சொல்வதை நம்புங்கள்."

சிரிப்பு பந்தலின் தகரத்தில் மோதித் திரும்பியது. அத்தனை தலைகளும் ஒரே திசையில் திரும்பின. அடுத்த வாக்கியத்தைத் தொடங்கமுடியாமல் நான் நின்றேன். பேச்சாளனுக்கு அதைவிடப் பேரின்பம் கிடையாது. அப்போது முன்வரிசையைப் பார்த்தேன். அயித்தை கைதட்டிக்கொண்டிருந்தார்.

எவர்சில்வர் தட்டு ஒன்று பரிசாகக் கிடைத்தது. மறுநாள் காலையில் அதை அவரிடம் காட்டப் போனேன். தட்டைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, முந்தானையால் துடைத்துக் கொடுத்தார்.

"நல்லாப் பேசுன அப்பு. எங்கயும் திக்கலை, திணறலை." பிறகு அடுப்புப் பக்கம் திரும்பினார். "ஆனா நான் திங்கலை."

"அயித்தை, அது மேடைக்காகச் சொன்னது. அதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டாரலாமா?"

"நீ கொண்டாரலை. ஊரு கொண்டாருமே."

ஊர் கொண்டுவந்தது. காய் பொறுக்கும் பெண்கள் மாலையில் வெளியேறும்போது வாசலில் நின்று மடியை உதறிக் காட்டிவிட்டுப் போகவேண்டும் என்பது கிட்டங்கியின் சட்டம். ஒரு கை ஏலக்காய் ஒரு நாள் கூலியைவிட மேலானது. இடுப்பு மடிப்பில் ஒளித்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாது. மேற்பார்வை பார்ப்பவர் என்பதால் அயித்தைக்கு மட்டும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு இருந்தது. ஆயுத பூஜைக்கு அடுத்த வேலைநாளில் கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"அக்கா, கோவிச்சுக்கிறாதீக. ஒங்க மருமகனே மைக்குல சொல்லிட்டாப்ல, வாயை நம்பாதீக ஒடம்பை நம்புங்கன்னு. மொதலாளியும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. இடுப்பு வருசா வருசம் ஏறுதுன்னா, என்ன ஏதுன்னு நாங்க பாக்கணும்ல? நீங்களும் ஒரு ஒதறு ஒதறிட்டுப் போயிருங்க."

அயித்தை வாதாடவில்லை. பெண்கள் வரிசையின் முதலில் போய் நின்று மடியை உதறினார். அன்றைக்கும், அதற்கு மறுநாளும், அதன் பின் ஒவ்வொரு நாளும். இதைப் பேச்சியம்மாள்தான் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

"ஒரு காயாச்சும் விழுந்துச்சாங்குற? விழலை. விழாட்டியும் விடமாட்டேங்குறாக. உள்ள வேற எங்கயாச்சும் வச்சிருப்பான்னு பேச்சு."

தராசை நம்பிய பெண்மணிக்கு எதிராகத் தராசே சாட்சி சொன்னது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் தராசு பழுது என்றிருப்பேன், சதி என்றிருப்பேன், பத்து உவமை சொல்லியிருப்பேன். அயித்தை தாம் உண்பதைப் பாதியாகக் குறைத்தார். இரண்டு இட்டிலி ஒன்றாயிற்று. இரவுச் சோறு நின்றது. உண்டதை ஒரு தாளின் ஒருபுறம் நாள்தோறும் எழுதினார்; சனிக்கிழமை எடையை மறுபுறம் எழுதினார். எட்டு வாரம். எழுபத்துமூன்று என்றிருந்த எடை எழுபத்துநான்கரை ஆயிற்று.

அந்த எட்டாவது சனிக்கிழமை நான் கிட்டங்கிக்குப் போயிருந்தேன். கதவின் பின்னால் எழுதிய எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். பசியில் உதடு வெளுத்திருந்தது.

"கல்லு பொய் சொல்லாது," என்றார். "நானும் பொய் சொல்லலை. அப்ப ரெண்டுக்கும் நடுவுல என்னமோ கெடக்கு அப்பு. அது என்னன்னு யாருகிட்டப் போயிக் கேக்குறது?"

பட்டிமன்றத்தில் இரண்டு அணிகள் மட்டுமே உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒன்று கிடக்கலாம் என்பதை எனக்கு யாரும் பயிற்றுவிக்கவில்லை. தேனியில் ஒரு டாக்டரம்மா இருப்பதாகச் சொன்னேன்.

"கூட்டிட்டுப் போ. ஆனா அங்க நீ பேச வேணாம். நானே பேசிக்கிறேன்."

டாக்டரம்மா முதலில் நிமிர்ந்து பார்க்கவில்லை. "சாப்பாட்டைக் குறைக்கணும்மா. வயசாகுதுல்ல," என்று சொல்லிக்கொண்டே சீட்டில் எழுதினார். அயித்தை இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்து, மடிப்பை நீவி, மேசைமேல் விரித்தார். பேனா நின்றது.

"இதை யாரு எழுதுனா?"

"நாந்தான் தாயி. எட்டு வாரம். திண்டது ஒரு பக்கம், எடை ஒரு பக்கம்."

"குளிருமா உங்களுக்கு?"

"சித்திரையிலயும் குளிருது."

"சத்தம் முன்னாடியே இப்படியா?"

"இல்லை. ரெண்டு வருசமாத்தான் ஆம்பளைச் சத்தம்."

கழுத்தைத் தடவிப் பார்த்தார். நாற்காலியில் முழங்காலிட்டு நிற்கச் செய்து, குதிகாலுக்கு மேலே சிறு சுத்தியால் தட்டினார். பாதம் துள்ளிற்று, துள்ளிய பாதம் பழைய இடத்துக்குத் திரும்ப ஒரு கணம் யோசித்தது. "பாத்தீங்களா தம்பி, எவ்வளவு மெதுவாத் திரும்புது," என்றார் என்னிடம். பிறகு அயித்தையின் தோளில் கைவைத்தார்.

"நீங்க சொல்றது நெசம்மா. ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பிப் பாத்துருவோம். ஆனா நீங்க சொல்றது நெசம்."

அயித்தை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும் பஸ்சில் போடி எல்லை தெரியும்வரை அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, "நெசம்னு சொன்னாகள்ல, நீயும் கேட்டேல்ல," என்றார். கேட்டேன் என்றேன். தெருமுனையில் இறங்கியபோது மறுபடியும் அதையே கேட்டார்.

பத்து நாளில் மதுரையிலிருந்து முடிவு வந்தது. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி சோம்பிக் கிடக்கிறது. அது சுரக்கவேண்டியதைச் சுரக்காததால் உடம்பில் எல்லாமே மந்தமாகிவிட்டது. ஆகவேதான் குளிர், உறக்கம், கரகரத்த குரல், ஊதல், எடை. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். அதிகாலையில் வெறும் வயிற்றில் ஒரு சிறு மாத்திரை, தண்ணீரோடு. அதற்குப் பின் ஒருமணி நேரம் காப்பிகூடக் குடிக்கலாகாது. வயதானவர்களுக்கு இதயம் தாங்கவேண்டும் என்பதால் அளவைச் சிறிது சிறிதாகத்தான் ஏற்றமுடியும். வாழ்நாள் முழுவதும் விடக்கூடாது.

"எல்லாம் எறங்கிரும்னு நெனச்சுக்கிறாதீங்க," என்றும் சொன்னார். "உப்பும் தண்ணியுமா ஏறுனது வடிஞ்சிரும். மிச்சம் வயசோட வந்தது. அதுக்கு நடக்கணும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க, இனிமே பட்டினி கெடக்கக் கூடாது."

காப்பிக்குக் காத்திருக்கும் அந்த ஒருமணி நேரத்தை அயித்தை நடைக்கு ஆக்கினார். குரங்கணிச் சாலையில் மலையைப் பார்த்து நடந்து, ஓடைப் பாலம் வரை போய்த் திரும்புவார். சில நாள் நானும் போவேன். எதிரில் இருள் பிரியாத மலை. மேலே ஏறும் ஜீப்புகளில் கூடையும் கம்பளியுமாகத் தோட்டத்துப் பெண்கள்.

"அயித்தை, ஏறிக்கங்க, எடமிருக்கு," என்று ஜீப்பிலிருந்து கத்துவார்கள்.

"நடக்கத்தாண்டி வந்தேன். வெரசாப் போங்க, கங்காணி வையப்போறான்."

முதல் மாதம் தராசு அசையவில்லை. இரண்டாம் மாதம் ஒரு கிலோ இறங்கியது. பின் ஒன்றரை. பின் மூன்று வாரம் அதே எண். பிறகு மறுபடியும். ஆறு மாதத்தில் அறுபத்தொன்பதுக்கு வந்து, அங்கேயே பிடிவாதமாக நின்றது. அதற்குமுன் வேறொன்று நடந்தது. மாசி மாதத்தில் ஒரு காலை, தெருவில் யாரோ என்னைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். அந்த வெண்கலக் குரலைக் கேட்டு இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. யார் என்று ஒரு கணம் திகைத்தேன். கம்பளிச் சட்டை இல்லாமல் அயித்தை நின்றுகொண்டிருந்தார். அந்த அழைப்பை மறுபடி ஒருமுறை கேட்பதற்கு என் பரிசுத் தட்டுகள் அனைத்தையும் ஈடாக வைக்க நான் ஆயத்தம்.

இப்போது அவர் முன்னைவிட அதிகமாக உண்டார். டாக்டரம்மா சொற்படி மூன்று வேளையும் உண்டு, எடை குறைந்தார். வழக்கு வென்றது என்று நீங்கள் எண்ணுவீர்கள். நானும் எண்ணினேன். ஊர் தன் தீர்ப்பை வேறுவிதமாக எழுதியது.

"மடிய ஒதற வச்சாக, எளைச்சுட்டா," என்றாள் பேச்சியம்மாள். "ஒளிச்சு வைக்கிறதும் நின்னுச்சு, ஒளிஞ்சு திங்கிறதும் நின்னுச்சு."

கணக்கப்பிள்ளை அதை நயமாகச் சொன்னார். "எப்படியோ அக்கா வாயைக் கட்டிட்டாக. நல்லதுதான்."

ஒரே ஒரு முறை அயித்தை மாத்திரைக் குப்பியை எடுத்துக் காட்டினார். "மாத்திரை திண்டா எளைக்குமா? எனக்கும் ரெண்டு கொண்டா மதினி," என்று பேச்சியம்மாள் கை நீட்ட, இருபது பேரும் சிரித்தார்கள். குப்பி இடுப்புக்குத் திரும்பியது. அதன் பின் வெளியே வரவில்லை. எடை ஏறியபோது திருடி என்றார்கள். இறங்கியபோது திருந்திய திருடி என்றார்கள். நோய் அவரைக் குற்றவாளி ஆக்கியது. மருந்து அவரிடம் ஒப்புதல் வாக்குமூலம் வாங்கியது. மாலைதோறும் வரிசையின் முதலில் நின்று அவர் மடியை உதறிக்கொண்டுதான் இருந்தார்.

நான் சொன்னேன்: "வர்ற ஆயுத பூசைக்கு அதே எடத்துல பேசுறேன் அயித்தை. டாக்டரம்மா சொன்னதை ஒண்ணொண்ணா எடுத்து வைக்கிறேன்."

அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது. "பேசுனா நல்லதுதான்," என்றார். தமக்கென்று அவர் ஒன்றை விரும்பியதாக எனக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான்.

அந்த ஆயுத பூஜை நாளில் மதுரையில் ஒரு பெரிய பேச்சுப் போட்டி. பல மாவட்டங்களிலிருந்தும் வந்தார்கள். அழைப்பு வந்ததும் போய்விட்டேன். கிட்டங்கியில் அடுத்த வருடம் பேசிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே வாய்தா வாங்கிக்கொண்டேன். அயித்தை பச்சைச் சேலை கட்டி, முன்வரிசையில், கடைசிப் பேச்சாளர் இறங்கும்வரை அமர்ந்திருந்தார் என்று பின்னால் தெரிந்தது. நான் வரமாட்டேன் என்று சொல்லியனுப்பக்கூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை. ஊர் திரும்பியபின் பார்க்கப் போனேன்.

"பரிசு கெடச்சுச்சா?"

"ரெண்டாவது, அயித்தை."

"நல்லது. முகம் கழுவிட்டு வா, காப்பி போடுறேன்."

அதைப் பற்றி வேறு பேச்சே எழவில்லை. அடுத்த மாதம் கிட்டங்கி வேலையை விட்டுவிட்டு மகனிடம் மலைக்குப் போய்விட்டார்.

கோடையில் நான் ஜீப்பேறிப் போனேன். காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பக்கத்தில் வீடு. சரிவில் ஏலச் செடிகளின் இடையிலிருந்து அயித்தை இறங்கி வந்தார். மூச்சு வாங்காமல், கால் பிசகாமல் வந்தார். தோட்டத்துப் பெண்கள் அவரைச் சேச்சி என்று அழைத்தார்கள். "வா மோனே," என்று என்னைக் கேலியாக வரவேற்று, பாலில்லாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தார். அங்கே அவர் எடையை யாரும் நிறுக்கவில்லை. அவரும் நிறுத்துப் பார்க்கவில்லையாம். மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடவில்லை. குடித்து முடித்த தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"கிட்டங்கியில இன்னும் என்னையப் பத்திப் பேசுறாகளா அப்பு?"

கல் சொல்வதை மட்டுமே கேட்டு வாழ்ந்தவர், மனிதர் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டது அன்றைக்குத்தான்.

"இல்லை அயித்தை. எல்லாம் மறந்துட்டாக."

என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். "மேடையில பேசுறப்ப நீ இப்படிக் கண்ணைச் சிமிட்டமாட்ட," என்று சொல்லிவிட்டு, தம்ளரைக் கழுவ எழுந்தார்.

அந்த ஐப்பசியில் அவர் இறந்துபோனார். விடிகாலையில் மார்வலி என்றாராம். ஜீப்பை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. போடிமெட்டுச் சாலையில் மண் சரிந்து கிடந்ததால் மூன்றாம் நாள்தான் எங்களுக்குச் செய்தி வந்தது. நாங்கள் ஏறிப் போனபோது சரிவில் புது மண்மேடு மட்டும் இருந்தது; அதன்மேலும் மழை பெய்துகொண்டிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மாலை கிட்டங்கி வாசலுக்குப் போனேன். பந்தல் இல்லை; நடுவர் இல்லை; மைக்கு இல்லை. பெண்கள் மடியை உதற வரிசையில் நின்றார்கள்.

"என்ன அப்பு, இன்னைக்கு என்ன தலைப்பு?" என்றாள் பேச்சியம்மாள்.

"சோலி முடிஞ்சு போற நேரம் தம்பி. வெரசாச் சொல்லுங்க," என்றார் கணக்கப்பிள்ளை.

சொன்னேன். அடுக்குமொழி வரவில்லை. சுரப்பியைச் சொன்னேன். எட்டு வாரப் பட்டினியைச் சொன்னேன். குதிகாலில் தட்டிய சுத்தியைச் சொன்னேன். அதிகமாகத் தின்று எடை குறைந்ததைச் சொன்னேன். மேடையில் நான் சொன்னது பொய் என்றேன். கணக்கப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பேச்சியம்மாள் வரிசையை விட்டு முன்னால் வந்தாள். "அப்ப மதினி கூழுதான் குடிச்சாளா?"

"கூழுதான்."

"செத்தபெறகு வந்து சொல்ற. இருந்தப்ப எங்க போன?"

"பரிசு வாங்கப் போயிருந்தேன்."

"அதை விடு. இனிமே என்ன செய்யப்போற, அதைச் சொல்லு. எல்லாரும் கேக்குற மாதிரிச் சொல்லு."

கடைசிப் பெண்ணுக்கும் கேட்கும்படி சொன்னேன்: "இனிமே ஒரு மனுசரோட ஒடம்பைக் காட்டி எந்த மேடையிலயும் கைதட்டு வாங்கமாட்டேன். 'நான் திங்கலை'ன்னு ஒருத்தர் சொன்னா மொதல்ல நம்புவேன். நம்புனதை அவுக உயிரோட இருக்குறப்பவே, இதே மாதிரி நாலு பேரு முன்னாடி நின்னு சொல்லுவேன்."